சேமிப்பை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள மகளுக்கு,

ஆட்சி கவிழுமா, நாணயம் சரியுமா, வங்கி தாங்குமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லும் நேரத்தில் சேமிப்பை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். எங்கே வட்டி அதிகம் என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வை. எந்த இடமானாலும் இரண்டு கேள்வி கேள். இந்தப் பணம் எனக்கு எப்போது தேவைப்படும்? அந்த நேரத்தில் அதை எடுக்கவிடாமல் தடுக்க யாரால் முடியும்?

இரண்டாவதைப் பலரும் கேட்பதில்லை. நெருக்கடி வந்தால் பணம் போய்விடும் என்றுதான் பயப்படுகிறார்கள். பல நாடுகளில் நடந்தது வேறு: பாஸ்புக்கில் தொகை அப்படியே இருக்கும், எடுக்கத்தான் முடியாது. 1990 மார்ச்சில் பிரேசிலில், அப்போதைய நாணயமான குருசாடோ நோவோவில் 50,000-க்கு மேல் இருந்த சேமிப்பை 18 மாதத்துக்கு முடக்கினார்கள். 2013 மார்ச்சில் சைப்ரஸ் வங்கிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் திறக்கவில்லை. 2015 ஜூன் கடைசியில் கிரீஸில் ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோதான். சைப்ரஸ், கிரீஸ் இரண்டிலும் வார இறுதியில்தான் முடிவு வெளியானது. செய்தியைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வரிசையில் போய் நிற்பவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. அதனால் அமைதியாக இருக்கும்போதே பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் உன் மாதச் செலவில் தள்ளிப்போட முடியாதவற்றை மட்டும் கூட்டு: வாடகை, சாப்பாடு, மருந்து, கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம். இனி எல்லாக் கணக்கும் இந்தத் தொகையை வைத்துத்தான்.

அதில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு உரியதை ரொக்கமாக வீட்டில் வை. சிறிய நோட்டுகளாக வை. ஏடிஎம் நின்றுபோன நாளில் பெரிய நோட்டுக்கு யாரும் சில்லறை தர மாட்டார்கள். இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு செல்லாததாக அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகள், புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம். 100 ரூபாய்க் கட்டு வைத்திருந்தவர்கள் மறுநாள் வழக்கம்போலச் செலவு செய்தார்கள். ஆனால் நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம். திருட்டு, தீ, விலைவாசி மூன்றுக்கும் ரொக்கம் இரை. வீட்டுக் காப்பீட்டிலும் ரொக்கத்துக்குப் பெரும்பாலும் சொற்பத் தொகைதான் கிடைக்கும்.

ஆறு மாதச் செலவை இரண்டு வங்கிகளில் பாதிப் பாதியாகப் போடு. ஒரே வங்கியின் இரண்டு கிளைகள் கணக்கில் சேராது. ஒரே உரிமத்தின் கீழ் இரண்டு பெயரில் நடப்பவையும் பல நாடுகளில் ஒன்றாகவே எண்ணப்படும். வங்கி விழுந்தால் வைப்பாளருக்குப் பணம் தரும் ஏற்பாடுதான் வைப்புக் காப்பீடு. அதன் வரம்பு ஓர் ஆளுக்கு, ஒரு வங்கிக்கு என்றுதான் இருக்கும். அங்கே உள்ள உன் சேமிப்பு, நடப்பு, நிரந்தர வைப்பு எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 1 லட்சம் யூரோ, அமெரிக்காவில் 2.5 லட்சம் டாலர். அசலும் வட்டியும் சேர்ந்தே வரம்புக்குள் வர வேண்டிய இடத்தில், வரம்பு 100, வட்டி 7 என்றால் 93-க்கு மேல் போடாதே. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சைப்ரஸே சாட்சி. அங்குள்ள மிகப் பெரிய வங்கியில் 1 லட்சம் யூரோவுக்கு மேல் இருந்த பகுதியில் 47.5 சதவீதத்தை வங்கியின் பங்குகளாக மாற்றிவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. காப்பீடு வங்கி விழுந்தால்தான் பணம் தரும். அரசே எடுக்கக்கூடாது என்று சொன்னால் அதற்குக் காப்பீடு கிடையாது. 60 யூரோ வரிசையில் நின்றவர்களில் வரம்புக்குள் வைத்திருந்தவர்களும் உண்டு. இரண்டு வங்கி என்பது வங்கிக் கோளாறுக்கான மருந்து. நாட்டுக் கோளாறுக்கு அது போதாது.

செயலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணம் வங்கியில் இருப்பதாகச் செயலி சொன்னாலும், அந்த வங்கியின் ஏட்டில் உன் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2024-இல் அமெரிக்காவில் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவே இருந்த சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் திவாலானபோது எந்த வங்கியும் விழவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு ஒத்துப்போகாமல் ஆயிரக்கணக்கானவர்களின் பணம் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. வைப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய், பட்டியலில் வங்கியின் பெயரைத் தேடு. விளம்பரத்தில் உள்ள முத்திரையை நம்பாதே.

அடுத்த ஒன்று, இரண்டு ஆண்டுக்கு வேண்டியதை நிரந்தர வைப்பில் போடலாம். மொத்தமாக ஒரே ரசீதாகப் போட்டுவிடாதே. நான்காகப் பிரித்து 3, 6, 9, 12 மாதம் என்று போட்டால் காலாண்டுக்கு ஒரு பகுதி கைக்கு வரும். முன்கூட்டி உடைக்கவே முடியாத வகை ஒன்று உண்டு. கால் சதவீதம் கூடுதல் வட்டிக்கு அதில் விழாதே. தானாகப் புதுப்பிக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடு. மற்ற வங்கிகளைவிட ஒரு வங்கி மட்டும் இரண்டு, மூன்று சதவீதம் அதிகம் தந்தால், அதற்குப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்.

அரசுப் பத்திரம் வாங்கினால் குறுகிய காலத்ததாக வாங்கு. சந்தை வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் பத்தாண்டுப் பத்திரத்தின் விலை ஏறத்தாழ ஏழெட்டு சதவீதம் இறங்கும். மூன்று மாதப் பத்திரத்தில் அது தெரியவே தெரியாது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியதற்கு நீண்ட காலப் பத்திரங்களில் பட்ட நஷ்டமே முக்கியக் காரணம்.

டாலரில் வைத்தால் பாதுகாப்பு என்கிறார்கள். பாதி உண்மை. நாணயம் வேறாக இருந்தாலும் வங்கி உள்ளூர் வங்கிதானே! 2002 தொடக்கத்தில் அர்ஜென்டினா டாலர் வைப்புகளை, டாலருக்கு 1.40 பெசோ என்று உள்ளூர்ப் பணமாக மாற்றிவிட்டது. அந்த ஆண்டு நடுவில் சந்தையில் டாலர் மூன்றரை பெசோவைத் தாண்டியிருந்தது. உன் வருங்காலச் செலவு எந்த நாணயத்திலோ அதில், அந்த நாட்டு வங்கியிலேயே ஒரு பகுதி இருந்தால்தான் முழுப் பயன். சட்டப்படி அனுப்பு, வரித் தாக்கலில் காட்டு. காட்டாத பணத்தை அவசரத்தில் எடுக்கப் போனால் அந்த நேரத்தில்தான் விளக்கம் கேட்பார்கள்.

தங்கம் பத்து சதவீதம் வரை சரி, அதற்கு மேல் எனக்கு ஒப்புதல் இல்லை. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட விலை 1999-இல் 250 டாலரை ஒட்டி வந்தது. அமெரிக்காவில் 1933-இல் அவுன்ஸ் 20.67 டாலருக்குத் தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி, அடுத்த ஜனவரியில் விலையை 35 டாலராக உயர்த்தினார்கள். நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் அப்போதே போய்விடும். 999 தூய்மை முத்திரையுள்ள நாணயமாக, ரசீதோடு வாங்கு. ஒரு கிராம் காசில் கிராமுக்கு ஆகும் விலை கூடுதல், 100 கிராம் கட்டியைத் துண்டாக விற்க முடியாது. 5 அல்லது 10 கிராம் தோது. எல்லாவற்றையும் வங்கிப் பெட்டகத்தில் வைக்காதே, வங்கி மூடினால் பெட்டகமும் மூடியதுதான்.

கிரிப்டோவைச் சேமிப்பு என்று எண்ணாதே. ஒரே நாளில் பத்து சதவீதம் இறங்கக்கூடியதில் வாடகைப் பணத்தை வைக்க முடியாது.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு சிம் கார்டில் கோட்டை விடுபவர்கள் உண்டு. ஓடிபி வரும் எண் வெளிநாட்டில் வேலை செய்யவில்லை என்றால் உன் கணக்கை நீயே பூட்டியதற்குச் சமம். நாமினி பெயர்கள், கணக்கு எண்கள், ரசீது எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு இடத்தில் வை. கடவுச்சொல்லை அதில் எழுதாதே. பல ஆண்டு அசையாத கணக்கை வங்கி முடக்கிவிடும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகையை ஒரு கணக்கிலிருந்து மற்றதற்கு அனுப்பிப் பார். எத்தனை நாளில் சேர்ந்தது, எவ்வளவு கட்டணம் பிடித்தார்கள், ஒரு நாள் வரம்பு எவ்வளவு என்று குறித்துக்கொள். புதிதாகச் சேர்த்த பெறுநருக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்ப விடாத வங்கிகள் உண்டு. அதனால் வேண்டிய பெயர்களை இந்த வாரமே சேர்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா