எண் வேண்டாத முகவரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் இணையச் செயலி எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இணையச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில், எந்த முகவரி எந்தச் செயலுக்குச் செல்லும் எனச் சொல்லும் வழிகளை அமைக்கும்போது 'ரிசோர்ஸ்' என ஒருமையிலும் 'ரிசோர்சஸ்' எனப் பன்மையிலும் எழுதும் கட்டளைகளின் வேறுபாட்டைப் பாடக்குறிப்புகள் பலவும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அதனால் நேரும் பிழை சிறிதன்று என்பதாலேயே இக்கடிதம்.

பன்மையில் எழுதினால் பட்டியல் காட்டுவது முதல் அழிப்பது வரை 7 செயல்களுக்கு வழி கிடைக்கும். ஒரு பதிவைக் காட்டவோ திருத்தவோ அழிக்கவோ முகவரியில் அதன் எண் வரவேண்டும். ஒருமையில் பட்டியல் கிடையாது, 6 செயல்களே; எண்ணும் கிடையாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு காம்பராவையும் இலக்கம் சொல்லித்தான் தேடவேண்டும். துரை பங்களாவுக்கு இலக்கம் எதற்கு, தோட்டத்துக்கு ஒன்றுதானே?

என் மாணவி ஒருவர் கொழுந்து நிறுவைக் கணக்குக்கு ஒரு செயலி எழுதினார். நிறுவைப் பதிவுகளுக்குப் பன்மை வழி வைத்தது சரியே. ஆனால் உள்நுழைந்தவர் தம் சொந்த விபரத்தைப் பார்க்கும் பக்கத்துக்கும் பன்மையையே வைத்திருந்தார். முகவரியின் முடிவில் இருந்த 7ஐ அருகிலிருந்த பிள்ளை 8 என மாற்றியதும், வேறொருவரின் அடையாள அட்டை இலக்கம் திரையில் வந்து நின்றது. ஒருமை வழியில் மாற்றுவதற்கு எண்ணே இல்லை. உள்நுழைந்தவர் யாரென்று பார்த்தே பதிவை எடுக்கவேண்டும். இதனால் பன்மை வழியில் உரிமையைச் சோதிக்கும் கடமை நீங்கிவிடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

வழியை ஒருமையில் எழுதினாலும் ரெயில்ஸ், வரும் கோரிக்கையைக் கையாளும் நிரல் பகுதியான கன்ட்ரோலரின் பெயரைப் பன்மையிலேயே தேடும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதையும் இழந்தவர்கள் என் வகுப்பில் உண்டு. புதிய பதிவுக்கான படிவமும் பன்மை முகவரியைத் தேடிப் பிழை காட்டி நின்றுவிடும். அதற்கு முகவரியை நாமே கொடுக்கலாம், அல்லது 2017இல் வந்த ரெயில்ஸ் 5.1 பதிப்பிலிருந்து உள்ள, ஒருமை முகவரியைச் சுட்டிக்காட்டும் 'ரிசால்வ்' கட்டளையைப் பயன்படுத்தலாம்.

'மாடு வந்தது, மாடு வந்தன' என்று பெயரை மாற்றாமலே எண்ணிக்கையை உணர்த்தும் மொழியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆங்கிலச் சொல்லின் கடைசியில் கூடும் 's' என்ற ஓர் எழுத்து எளிதில் கண்ணில் படாது. ஆகவே தங்கள் பத்திரிகையின் கணினிப் பக்கத்தில் இதனை விளக்கும்போது, அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தும் நீக்கியும் வழிகளைப் பட்டியலிடும் 'ரெயில்ஸ் ரவுட்ஸ்' கட்டளையை இயக்கி, வரும் இரண்டு பட்டியல்களையும் அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
ஹட்டன்.