போத்தலை வீசிய மூன்றாம் இரவு

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிக் குடியை விட்ட தோட்டத் தொழிலாளர்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அவர்கள் அன்றே அடியோடு நிறுத்தினார்கள் என்ற இடத்தில் எனக்கு நெஞ்சு பதறியது.

15 வருடம் நாள் தவறாமல் குடித்த என் தம்பியும் அப்படித்தான் நிறுத்தினான். மறுநாள் காலை பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் கொட்டியது. மூன்றாம் இரவு, கம்பளியில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். காத்து கறுப்பு என்று லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், விபூதி பூசினார்கள். விடிந்ததும் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உயிருக்கே ஆபத்தான நிலை என்று வைத்தியர் சொன்னார். நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையொட்டிப் புத்தி தடுமாறலாம். அதைத் தடுக்கத்தான் டயசிபாம் போன்ற குளிசைகள். தொடக்கத்தில் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். மூளையைக் காக்க தயமின் என்ற விற்றமினும் கொடுப்பார்கள். தம்பி பிழைத்தது இவற்றால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறொரு துன்பம். வேலைக்குப் போகாமல் வாசற்படியில் பனிமூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காரணமில்லாத பயம், தூக்கமில்லை. அதே டயசிபாமை ஒரு பாமசியில் வைத்தியரின் மருந்துத் துண்டில்லாமலே வாங்கிப் போட ஆரம்பித்தான். ஐந்தாம் வாரம் அதன்மேல் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தையும் குடித்தான். இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் மீதி விவரம் தெரிந்தது. அந்தச் சோர்வில் பெரும்பகுதி குடியே விட்டுச்செல்வது. பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகக் குறையும். குறையாவிட்டால் அது தனி நோய். அதற்கு செர்ட்ரலீன் போன்ற வேறு மருந்து உண்டு. அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், டயசிபாம் போல அடிமையாக்காது. குடிக்கும் முன்பே மனச்சோர்வு இருந்தவரும் சாவைப் பற்றிப் பேசுகிறவரும் மட்டும் அந்த நான்கு வாரம் காத்திருக்கக்கூடாது.

ஆக, நான்காம் வாரம் ஒருவர் அவனைப் பார்த்திருக்க வேண்டும். யார் பார்ப்பது? கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. தம்பியின் கிளினிக் அட்டையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தோட்ட வைத்திய உதவியாளரிடம் இப்படி வீடு திரும்புகிறவர்களின் பெயர்களைக் கொடுத்து, நான்காம் வாரம் லயத்துக்கே போய்ப் பார்க்கச் சொன்னால் என்ன? தோட்ட நிர்வாகங்களும் சுகாதார அதிகாரிகளும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்த திருவிழாச் செய்தியின் கீழே, தினமும் குடிப்பவர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய், வைத்தியர் மேற்பார்வையில் குடியை நிறுத்தட்டும் என்று ஒரு வரியும், 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணும் போடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
ஹட்டன்.