கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: நெடுந்தீவிலிருந்து பாராளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நெடுந்தீவில் பிறந்தவன். இப்போது யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். லீவு கிடைத்தால் குறிகட்டுவானில் படகேறி அம்மாவைப் பார்க்கப் போவேன். போன முறை இறங்குதுறையில் நின்றபோது, பக்கத்தில் கட்டியிருந்த சாமான் வள்ளத்தில் இரண்டு பேர் டீசல் பரல்களை உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகை வழுக்கியது. ஒருவர் முழங்காலால் பரலைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். டீசல் இயந்திரத்தில் மின்சாரம் எடுக்கும் எங்கள் தீவில் ஒரு மின்குமிழ் எரிவதற்குப் பின்னால் இப்படி ஒரு முழங்கால் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த மடலை எழுதத் தூண்டியதும் அதுதான். ஒரு வெளிநாட்டு முதலீடு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே பார்ப்பதற்கு ஒரு சட்டம் கேட்டு எழுதுகிறேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த மின்சாரம் தருவதற்கு 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதி. கேள்விப்பத்திரம் கோரி, ஒரு சீனக் கூட்டு நிறுவனத்தைத் தெரிவு செய்திருந்தார்கள். பெறுமதி ஏறத்தாழ 12 மில்லியன் டொலர். இராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் சீன நிறுவனமா என்று இந்தியா கவலை தெரிவித்தது. வேலை நகரவில்லை. அந்த வருடம் டிசம்பரில் கொழும்பிலிருக்கும் சீனத் தூதரகமே விஷயத்தை வெளியில் சொன்னது: மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டது, அந்த நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்சாரம் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டது என்று. எங்கள் தீவுக்கு அந்த மின்சாரம் வராது என்பதை எங்கள் அரசு எங்களுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்திய உதவியில் செய்வதென்று புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதப்பட்டது. 2024 மார்ச்சில், 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், அதோடு சேமிப்பு மின்கலங்கள். நல்ல திட்டம். கடனாக இருந்தது நன்கொடையானதற்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முதல் அனுமதிக்கும் இந்தக் கையெழுத்துக்கும் நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த இடைவெளியில்தான் 2022 வந்தது. நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு, டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. டீசலையே நம்பியிருந்த ஒரு தீவுக்கு அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

அந்த நாட்களில் ஓர் அலுவலகத்துக்குப் போய், எங்கள் தீவுத் திட்டம் என்னவாயிற்று என்று கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். கதிரை தந்து இருக்கச் சொன்னார். “அது மேலிடத்து விஷயம் சேர். எங்களுக்கும் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும்” என்றார். அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? அவருக்குக் காட்ட ஒரு கடிதமோ, திகதியோ, காரணமோ யாரும் கொடுத்திருக்கவில்லை.

அம்மா சொல்லுவா, “சீனாக்காரன் தந்தாலென்ன, இந்தியாக்காரன் தந்தாலென்ன தம்பி, கரண்ட் நிண்டு எரிஞ்சால் காணும்.” நான் அம்மாவோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். யார் தருகிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும். நெடுந்தீவின் மேற்குக் கரையில் நிற்கிறவனுக்கு அடுத்த நாடு இந்தியா. தூத்துக்குடி வானொலி எங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தியாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு நாடு தன் துறைமுகத்தையும் மின்சாரத்தையும் கடலடிக் கேபிளையும் யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசிப்பது நியாயம். நான் கேட்பது, அந்த யோசனை எங்கள் நாட்டில் எங்கே நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதுதான். அது தூதுவர்கள் வந்துபோகும் அறைகளில் நடக்கிறது. அதுவும் கையெழுத்துப் போட்ட பிறகு நடக்கிறது.

தீவுகளின் கதை முதலீடு கூட இல்லை, அரசாங்கக் கொள்வனவு என்று யாராவது சொல்லலாம். சரி. முதலீட்டுக் கதைகளையே எடுத்துக்கொள்வோம்.

2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது, 1.12 பில்லியன் டொலருக்கு. 2022 ஓகஸ்டில் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அங்கே வரப் புறப்பட்டபோது அரசு முதலில் சரி என்றது, பிறகு பொறுங்கள் என்றது, பிறகு மறுபடி வரச் சொன்னது. ஒன்றரை வருடம் கழித்து, வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவுமே ஒரு வருடத்துக்கு வரக்கூடாது என்று முடிவெடுத்தது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவுடனும் ஜப்பானுடனும் சேர்ந்து நடத்துவதென்று 2019இல் உடன்பட்டோம். 2021 பெப்ரவரியில் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் கைவிட்டோம். பதிலாக மேற்கு முனையம் இந்தியாவின் அதானி குழுமம் முன்னிற்கும் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களைப் பற்றி 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே பேசியிருக்கிறார்கள். அவற்றில் 61 குதங்களைக் கூட்டாக நடத்தும் உடன்படிக்கை கைச்சாத்தானது 2022 ஜனவரியில். 35 வருடம்! ஒரு குதத்தில் எண்ணெய் நிரப்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க ஒரு தலைமுறை போயிருக்கிறது.

மன்னார் எங்களுக்குக் கிட்ட இருக்கிற ஊர் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தை அதானி நிறுவனத்துக்குக் கொடுத்தது அரசு. திறந்த கேள்விப்பத்திரம் இல்லை. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு என்றார்கள். மன்னார்ச் சனங்கள் காற்றாலை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. வெள்ளநீர் வடிகிற வழியில் கோபுரம் கட்டினால் தண்ணீர் எங்கே போகும், பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகிற பறவைகளுக்கு என்ன ஆகும், மீனவர் வாடிக்குப் போகும் பாதை இருக்குமா என்று கேட்டார்கள். பதில் கிடைக்காமல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. புதிய அரசு விலையை மறுபரிசீலனை செய்யப் புறப்பட, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அந்தக் கேள்விகளை முதல் நாளே ஒரு மேசையில் வைத்துப் பேசியிருந்தால், ஒன்றில் நல்ல திட்டமாக வந்திருக்கும், இல்லாவிட்டால் எல்லாருடைய காலமும் மிஞ்சியிருக்கும்.

சிறிய முதலீடுகளிலும் இதே நிலைதான். 2021இல் பூநகரி கௌதாரிமுனைக் கடலில் சீன நிறுவனமொன்றின் கடலட்டைப் பண்ணையைப் பார்த்துவிட்டு, யார் அனுமதி கொடுத்தது என்று உள்ளூர் மீனவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய நிலைக்கு அவர்களை விட்டதே பிழை.

முதலீட்டுச் சபைக்கு 1978இன் சட்டம் இருக்கிறது. காணியை வெளிநாட்டவருக்கு விற்பதைக் கட்டுப்படுத்த 2014இன் சட்டம் இருக்கிறது. சில துறைகளில் வெளிநாட்டுப் பங்குக்கு வரம்பு இருக்கிறது. ஆனால் ஒரு முதலீடு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்குமா என்று, கையெழுத்துக்கு முன், ஒரு குறிப்பிட்ட அமைப்பு, எழுதிய அளவுகோல்களோடு, குறித்த நாட்களுக்குள் பார்த்துச் சொல்வதற்கென்று ஒரு தனிச் சட்டம் இல்லை.

மற்ற நாடுகளும் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டன. அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு முதலீட்டைப் பரிசீலிக்கும் சபை எத்தனையோ காலமாக இருக்கிறது. இருந்தும் 2015இல் வட பிராந்திய அரசு டார்வின் துறைமுகத்தை ஒரு சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தபோது, பிராந்திய அரசின் சொத்து என்பதால் அது அந்தப் பரிசீலனைக்குள் வரவில்லை. அடுத்த வருடமே விதியை மாற்றி அந்த ஓட்டையை அடைத்தார்கள். பிரித்தானியா 2021இல் சட்டம் இயற்றி, 2022 ஜனவரி 4 முதல் நடைமுறைப்படுத்தியது. எந்த 17 துறைகள் என்பதை அந்தச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளில் முதலிலேயே எழுதினார்கள். அறிவித்தல் ஏற்கப்பட்ட பிறகு 30 வேலை நாட்களுக்குள் அரசு சொல்ல வேண்டும், விடுகிறோமா அல்லது மேலும் பார்க்கப் போகிறோமா என்று. வருடாவருடம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை போகிறது. இந்தியாவும் 2020 ஏப்ரலில், தன்னோடு நில எல்லை கொண்ட நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்று விதி போட்டது. எங்கள் விஷயத்தில் கவலை தெரிவிக்கும் நாடுகள் எல்லாம் தங்களுக்கென்று ஒரு நடைமுறை வைத்திருக்கின்றன. எங்களிடம் இல்லாததால்தான் அவர்களுடைய கவலை எங்கள் முடிவாகிவிடுகிறது.

ஆகவே சட்டம் வேண்டும் என்று கேட்கிறேன். கேட்கும்போதே ஒரு பயமும் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. “தேசிய பாதுகாப்பு” என்ற சொல்லை வடக்கில் நாங்கள் கேட்டு வளர்ந்த விதம் வேறு. அந்தச் சொல்லின் பெயரால் வலிகாமம் வடக்குச் சனங்கள் 1990இல் விட்டுவந்த காணிகளுக்குப் பல பத்தாண்டுகள் போக முடியவில்லை. அந்தச் சொல்லின் பெயரால் மீன்பிடிக்கப் போகப் பாஸ் கேட்டார்கள். 2014இலும் 2021இலும் புலம்பெயர் தமிழ் அமைப்புகளையும் தனி மனிதர்களையும் வர்த்தமானியில் தடைப்பட்டியலில் போட்டதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். நாளைக்கு ரொறன்ரோவிலோ பரிஸிலோ இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் பனம்பொருள் தொழிற்சாலை போட வந்தால், எல்லை வரையாத ஒரு பாதுகாப்புச் சட்டம் முதலில் தடுக்கப்போவது அவனைத்தான். அதனால் எந்தத் துறைகள், எந்த இடங்கள், எவ்வளவு பங்கு என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். துறைமுகம், மின்வலையமைப்பு, எரிபொருட் சேமிப்பு, கடலடிக் கேபிள், மக்களின் தரவு, கரையோரமும் தீவுகளும் என்று எழுதுங்கள். வந்தவரின் இனத்தையும் ஊரையும் பார்த்து மறுக்க இடம் வைக்காதீர்கள். மறுக்கப்பட்டவர் நீதிமன்றம் போக வழி இருக்கட்டும்.

அரசுக்கும் அரசுக்கும் இடையில் என்று சொல்லிவிட்டால் பரிசீலனை வேண்டாம் என்ற விலக்கை வைக்காதீர்கள். எங்கள் அனுபவத்தில் பெரிய ஒப்பந்தங்கள் அந்தக் கதவால்தான் வருகின்றன. சீனாவுக்கு ஒரு கண், இந்தியாவுக்கு ஒரு கண், அமெரிக்காவுக்கு ஒரு கண் என்று பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே படிவம், ஒரே நாட்கணக்கு. இரகசியமாக வைக்க வேண்டிய பகுதி இருக்கலாம், அதை ஒரு பாராளுமன்றக் குழு மூடிய அறையில் பார்க்கட்டும். மிச்சத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். இடத்தைத் தொடுகிற முதலீடென்றால் அந்தப் பிரதேச சபையையும் மீனவர் சங்கத்தையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்களைக் கேட்டால் பாதுகாப்பென்று நாங்கள் வேறொன்றையும் சொல்லுவோம். இரவில் எல்லை தாண்டி வருகிற இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போனால், அந்த வீட்டில் அடுத்த நாள் அடுப்பெரியாது. நெடுந்தீவில் பொருளாதாரப் பாதுகாப்பு என்றால் முதலில் அதுதான். கொழும்பில் கூடுகிற எந்தக் குழுவின் பட்டியலிலும் அதை நான் பார்த்ததில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமான கோரிக்கை. மேலே கேட்டதில் எது விடுபட்டாலும் இது விடுபடக்கூடாது. பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு திட்டத்தை நிறுத்தினால், அந்தத் திட்டத்தை நம்பியிருந்த சனத்துக்கு அதே உத்தரவில் பதில் சொல்ல வேண்டும்: பதிலாக என்ன, யார் செய்வார்கள், எந்தத் திகதிக்குள். நாட்டின் பாதுகாப்புக்காகக் காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம். ஆனால் அந்தச் சுமை முழுவதையும் மூன்று தீவுகளின் சனம் மட்டும் சுமக்கக்கூடாது. அந்த மூன்று வருடமும் நாங்கள் எரித்த டீசலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பரிசீலனைச் சட்டம் எழுதும்போது அந்தக் கணக்கையும் ஒரு பிரிவாக எழுதுங்கள்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து உறுப்பினர்களுக்கு இந்த மடலைத் தபாலிலும் அனுப்புகிறேன். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார். தெற்கிலிருந்து வரும் உறுப்பினர்களும், குறிப்பாக அம்பாந்தோட்டைக்காரர்கள், வாசிக்க வேண்டும் என்பதற்காக அதையும் இணைத்திருக்கிறேன். பதில் எழுதுகிறவர்கள் எந்த மொழியிலும் எழுதலாம். அம்மாவுக்கு நான் வாசித்துச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
நெடுந்தீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர்