குழாயில் ஒட்டிய எண்ணாக மட்டும் தெரிந்தவர்களுக்கு

அன்புடையீர்,

உங்களில் எவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் யாருக்குத் திரும்ப வரும் என்பதைக் குருதியில் தேடும் ஆய்வு எங்களுடையது. பெயர் தெரியக்கூடாது என்பதுதான் அதன் விதி. கிளினிக்கில் தாதி குருதி எடுத்ததும் குழாயில் ஓர் எண்ணை ஒட்டிவிடுவார். அந்த எண்ணோடுதான் நீங்கள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தீர்கள். குருதி சேகரிக்கும் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. தனித்தனியாக நன்றி சொல்ல வழியில்லாததால் பொதுவில் எழுதுகிறேன். ஆங்கில மடல் கிளினிக் சுவரில் தொங்குகிறது. இதைத் தமிழில் எழுதக் காரணம், உதவியவர்களில் எங்கள் பிறிஸ்பேன் தமிழ்ச் சனமும் உண்டு. அவர்களிடம் பிறகு வருகிறேன்.

முதல் நன்றி நோயாளிகளுக்கு. எங்கள் அவுஸ்திரேலிய மாநிலமான குயின்ஸ்லாந்தில் மெலனோமா என்ற சொல்லைத் தெரியாத குடும்பம் குறைவு. உலகிலேயே இந்தத் தோல் புற்றுநோய் மிக அதிகமாக வரும் இடங்களில் ஒன்று இது. அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானோருக்கு அத்தோடு முடிந்துவிடும். எல்லோருக்கும் அல்ல. இங்கே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள மெலனோமாவால் இறப்பவர்கள், நான்கு மில்லிமீற்றருக்கு மேற்பட்டதால் இறப்பவர்களைவிட அதிகம். மெல்லியது ஆபத்தானது என்று இதற்குப் பொருளில்லை. மெல்லியதோடு வருபவர்கள் அவ்வளவு பேர். அவர்களில் யாருக்குத் திரும்ப வரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம்.

இன்றைக்கு வைத்தியர் கையில் இருப்பது பெரும்பாலும் ஓர் அளவுகோல். 1970இல் அலெக்சாண்டர் பிறெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் கட்டியின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து காட்டினார். அரை நூற்றாண்டு கடந்தும் அறிக்கையில் முதலில் தேடப்படுவது அந்த எண்தான். மேலே புண்ணாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1992இல் டொனால்ட் மோர்ட்டன் குழுவினர் விவரித்த முறையில், கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை எடுத்துச் சோதிப்பார்கள். இவற்றை வைத்து, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்ற நிலை படிப்படியாகக் குறிக்கப்படும். ஆனால் அந்த ஏணி நேராக இல்லை. இப்போது வழக்கிலுள்ள வகைப்பாட்டில், நிணநீர்க்கணுவுக்கே பரவாத இரண்டாம் நிலை 'சி' பிரிவினரில் ஐந்து ஆண்டுகளில் மெலனோமாவால் இறக்காதிருப்பவர்கள் 82 வீதம். கணுவுக்குச் சிறிதளவு பரவிவிட்ட மூன்றாம் நிலை 'ஏ' பிரிவில் 93 வீதம்!

இவை எல்லாம் கட்டியைப் பற்றிய அளவுகள். கட்டியை எதிர்க்கும் உடம்பைப் பற்றி இவற்றில் அநேகமாக ஒன்றும் இல்லை. அதைக் குருதியில் வாசிக்கமுடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. வெறும் ஆர்வத்தால் கேட்டதும் அல்ல. இரண்டாம் நிலையின் 'பி', 'சி' பிரிவினருக்கு அறுவைக்குப் பிறகு, உடம்பின் எதிர்ப்பைத் தூண்டிவிடும் பெம்புறோலிசுமாப் என்ற மருந்தைக் கொடுக்க அமெரிக்கா 2021 டிசம்பரில் அனுமதித்தது. நல்ல மருந்துதான். ஆனால் கத்தியோடு மட்டுமே குணமாகியிருக்கக்கூடியவரும் ஒரு வருடத்துக்கு அதை ஏற்றிக்கொள்கிறார். அவருடைய தைரொயிட் பழுதாகி, சாகும்வரை குளிசை போடவேண்டியும் வரலாம். யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சொல்ல ஏதாவது வேண்டும்.

அப்படிச் சொல்லக்கூடும் என்று குருதியில் தேடப்படும் குறிகளில் மிக எளியது ஒரு விகிதம்: நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வருவது. இரண்டும் வெண்குருதிக் கல வகைகள். சாதாரண குருதிப் பரிசோதனை அறிக்கையிலேயே இரண்டும் இருக்கும். விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்கு நிலைமை மோசமாவதைப் பல புற்றுநோய்களில் கண்டிருக்கிறார்கள், மெலனோமாவிலும். சிக்கல் என்னவென்றால், தடிமன் காய்ச்சல் வந்தாலும் அது ஏறும், ஸ்டீரொயிட் குளிசை போட்டாலும் ஏறும். ஆரம்பக் கட்டி மிகச் சிறியது. அது குருதியில் விடும் தடம் இந்தச் சத்தத்தில் அமிழ்ந்துபோகும். "இந்தக் கிழமை இருமல் இருந்ததா, பல் பிடுங்கினீர்களா" என்று தாதி உங்களை ஒவ்வொரு முறையும் துளைத்தெடுத்தது இதனால்தான். பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி.

ஊதா மூடிக் குழாய் அந்த எண்ணிக்கைக்கு. பச்சை மூடிக் குழாய்கள் உயிருள்ள கலங்களுக்கு. அவற்றைப் பிரித்தெடுத்து, நோயை எதிர்க்கும் ரி கலங்களில் எத்தனை, அவற்றின் வேகத்தைக் குறைக்கும் பிடி-1 என்ற தடுப்பைச் சுமக்கின்றன, எதிர்ப்பை அடக்கிவைக்கும் மொனோசைட் வகைக் கலங்கள் எவ்வளவு என்று லேசர் இயந்திரத்தில் எண்ணுவோம். தாமதித்தால் கலங்கள் கெடத் தொடங்கும். ஆகவே அடுத்த நன்றி வாகனச் சாரதிகளுக்கு. வெள்ளிக்கிழமை மாலை நெரிசலிலும் பெட்டியைக் கொண்டுவந்து தந்துவிட்டு, கையெழுத்துக்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் போனவர்கள். நரம்பு அகப்படாத முதியவர்களிடம் ஒரே குத்தில் எடுத்த தாதியருக்கும், திரவ நைட்ரஜன் தாங்கியைக் காவல் காத்தவருக்கும் நன்றி.

இனி எங்கள் சனம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் குருதியும் வேண்டும், அதுவும் அதே வயதினருடையது. கோயிலில் ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்த கிழமை அன்ரிமாரும் அங்கிள்மாரும் வரிசையில் நின்றார்கள், சிலர் வடைப் பெட்டியோடு. "எனக்கு ஏதும் வருத்தம் இருந்தா சொல்லுவியோ பிள்ளை?" என்று ஓர் அன்ரி கேட்டார். அன்ரி, எந்தக் குழாய் உங்களுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விகிதத்தை விளங்கப்படுத்திய அன்றிரவே பழைய அறிக்கைகளை எடுத்து வகுத்துப் பார்த்து என்னை அழைத்த அங்கிள்மாருக்கு: வேண்டாம். ஒரு தனி ஆளின் ஆரம்ப மெலனோமா எப்படிப் போகும் என்பதை இந்த விகிதத்தை வைத்து முடிவெடுக்கும் வழக்கம் வைத்தியசாலைகளிலேயே இன்னும் வரவில்லை.

எங்கள் நிறத்துக்கு இந்த நோய் வராது என்று வரிசையில் கேட்டது. குறைவு, உண்மை. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வரும். அங்கே வெயில் முக்கிய காரணம் அல்ல. பொப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தின் கீழ் கண்டுபிடித்தது இதைத்தான். 1981இல் 36 வயதில் இறந்தார். குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது அடிப்பாதத்தையும் ஒருமுறை பாருங்கள். புதிதாகக் கரும்புள்ளியோ நகத்தில் அகலும் கறுப்புக் கோடோ கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, எழுதக் கடினமான நன்றி. ஒரு குறி எதிர்காலத்தைச் சொல்கிறதா என்று அறிய, எதிர்காலம் நடந்து முடிய வேண்டும். எல்லோரும் சுகமாகவே இருந்திருந்தால் எங்கள் அட்டவணை எதையும் சொல்லியிராது. நோய் திரும்ப வந்தவர்களின் குழாய்களே கேள்விக்குப் பதில் தரும் குழாய்கள். ஒப்புதல் படிவத்தில் "இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை" என்று எழுதியிருந்தது. நோயின் பெயரைக் கேட்ட அதே கிழமையில் அதை வாசித்துக் கையெழுத்திட்டீர்கள். உங்களில் சிலருக்கு அது திரும்ப வந்தது. அதன் பிறகும் கையை நீட்டினீர்கள். திகதிப் பத்தியில் அந்தத் திகதியை நிரப்பியவள் நான்தான். அது உங்கள் வீட்டில் எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் ஒன்றைக்கூட நிரப்பவில்லை.

முடிவுகள் சரிபார்த்து அச்சில் வரும்வரை எதுவும் சொல்ல எனக்கு அனுமதியில்லை. மிஞ்சிய மாதிரிகள் உறைநிலையில் இருக்கின்றன. நீங்கள் சம்மதித்த பிற ஆய்வுகளுக்கு மட்டும் போகும். மனம் மாறினால் படிவத்தின் கடைசிப் பக்கத்திலுள்ள எண்ணுக்கு அழையுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

நன்றியுடன்,
ஆய்வுகூடத்தில் உங்கள் குழாய்களைப் பெற்றுக்கொண்டவள்
பிறிஸ்பேன்