ஒரே மூஞ்சி என்று எழுதியவனுக்கு

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. திட்டாதே. இங்கே எல்லாரும் சுகம். மூர்த்தி அதே பொய்களைப் புதுப் பொய் மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். உன் புத்தகம் இன்னும் என்னிடம்தான், கேட்காதே.

நாடகத்தில் பேங்க் மேனேஜர் வேஷம் உனக்குத்தான் என்று எழுதியிருந்தாய். வயிற்றுக்குத் தலையணை வாங்கும் செலவு குழுவுக்கு மிச்சம். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டாய் பார்: ‘நீ சொன்னாயே என்று அந்த இங்கிலீஷ் நடிகர் ஆர்தர் லோ நடித்த டிவி காமெடித் தொடர் டேட்ஸ் ஆர்மி நாலு பகுதி பார்த்தேன், மனுஷன் நாலிலும் ஒரே மூஞ்சி.’ ஆறு வாரச் சோம்பலை அந்த வரிதான் முறித்தது.

ஒரே மூஞ்சிதான், ஒத்துக்கொள்கிறேன். அது எங்கே தயாரானது என்று கேள். 1915-ல் டெர்பிஷரில் பிறந்து மான்செஸ்டரில் வளர்ந்தவர். கப்பல் வேலைக்குப் போக ஆசை. கண் பார்வை போதாது என்று சேர்க்கவில்லை. (பின்னால் சோறு போட்டது அந்த மூக்குக்கண்ணாடிதான்.) போர்க்காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது சிப்பாய்களுக்காகப் போட்ட நிகழ்ச்சிகளில் இந்தப் பைத்தியம் பிடித்தது. 1945 கடைசியில் மான்செஸ்டரின் ஹல்ம் ஹிப்போட்ரோமில் தொழில் நடிகராகச் சேர்ந்தபோது வயது 30, வாரச் சம்பளம் 5 பவுன். அது வாராந்தர ரெப்பர்ட்டரி. ராத்திரி இந்த வார நாடகத்தில் நடிக்க வேண்டும், பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, திங்கட்கிழமை புதுசு மேடையேற வேண்டும். பாத்திரத்தின் ஆழ்மனசைத் துழாவிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். கதவைத் திறந்து நுழைகிற நுழைவிலேயே தொப்பி, நடை, மூச்சு மூன்றும் சேர்ந்து ஆள் யார் என்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டறையில் பலர் கெட்டுப்போனதும் உண்டு. நாலு சேஷ்டையைக் கற்றுக்கொண்டு நாற்பது வருஷம் அதையே விற்றார்கள். லோ கற்றுக்கொண்டது சிக்கனம்.

‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ (1949) படத்தின் கடைசி நிமிஷத்தை மறுபடி போட்டுப் பார். சிறை வாசலில் நாயகனிடம் நினைவுக் குறிப்புகளை வெளியிடும் உரிமை கேட்டு வரும் பத்திரிகைக்காரர் இவர்தான். மொத்தக் கதையும் அந்தக் கேள்வியில்தான் கவிழ்கிறது. அவரோ பால் பாக்கி கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டுவிட்டு நிற்கிறார். அழுத்திக் கேட்டிருந்தால் போச்சு.

1960-லிருந்து ஐந்து வருஷம் ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’ டிவி தொடரில் ஜவுளிக்கடை ஸ்விண்ட்லி. அது பிபிசிக்குப் போட்டி டிவி. அதனாலேயே 1968-ல் அவரை எடுக்க பிபிசியில் தயக்கம். டேட்ஸ் ஆர்மியின் கேப்டன் மானரிங் வேஷமே முதலில் தார்லி வால்டர்ஸுக்குப் போய், அவர் வேண்டாம் என்ற பிறகுதான் இவரிடம் வந்தது. (எழுத்தில் மெயின்வேரிங், வாயில் மானரிங். பெயருக்கே கஞ்சி போட்டிருக்கிறது.) ஜிம்மி பெர்ரியும் டேவிட் குரோஃப்டும் எழுதிய தொடர் அது, இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவலுக்குச் சேர்ந்த தொண்டர் படையின் கதை. அதன் அச்சாணி எது தெரியுமா? பெரிய இடத்துப் பிள்ளையாய்ப் படித்த, உயரமான, சோம்பல் அழகன் ஜான் லெ மெஷரர் சார்ஜெண்ட்; குள்ளமான, தன் முயற்சியில் மேலே வந்த பேங்க் மேனேஜர் மானரிங் கேப்டன். பார்த்தால் மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். மானரிங்கின் ஒவ்வொரு அதட்டலுக்கு அடியிலும் அந்த வயிற்றெரிச்சல் ஓடுகிறது. 80 பகுதிகள், 1977 வரை. கிழவன் ஜோன்ஸாக வந்த கிளைவ் டன் லோவைவிட நாலு வயது சின்னவர். இதை மூர்த்தியிடம் பந்தயம் கட்டிப் பணம் பார்.

இனி உனக்கு வேண்டியது. 1973-ல் வந்த ஒரு பகுதியில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன் குறிப்பேட்டில் பெயர் எழுதிப் பழி தீர்ப்பதாக மிரட்டுகிறான். படையில் வாய்த்துடுக்காகப் பாடிய பைக் (Pike) என்ற பையனிடம் ‘உன் பெயர் என்ன?’ என்கிறான். மானரிங் பாய்ந்து, சொல்லாதே என்று பையனைத் தடுக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டு. இந்த இடத்தில் எல்லா அமெச்சூர்களும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள்: பெயருக்கு முன்னால் ஒரு நூல் நிறுத்துவார்கள், சபை தவறவிடக் கூடாதே என்று. அந்த நூல் இடைவெளியில் பாத்திரம் செத்து நடிகன் எட்டிப் பார்க்கிறான். லோ நிறுத்தவில்லை. தன் ஆளைக் காப்பாற்றும் அவசரம் மட்டும்தான் குரலில். அசடு வழிவது சபைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியவந்த பிறகு வேண்டுமானால் இரண்டு விநாடி எடுத்துக்கொள்: கன்னம் லேசாக உப்பட்டும், கண் எதிராளியிடம் போகாமல் நடுவெளியில் நிற்கட்டும், பிறகு அதிகாரம் திரும்பட்டும். சிரிப்பு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம். முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் குழி விழும். முந்தினால் வசனம் யார் காதிலும் ஏறாது. அவர்களுக்கும் வாரமெல்லாம் ஒத்திகை, ஸ்டூடியோவில் சபையை வைத்து ஒரே மாலையில் பதிவு, மேடைக் கணக்குதான்.

அதே பகுதியில் இன்னொன்று. கால்சட்டைக்குள் கையெறி குண்டைப் போடுவது முதலில் மானரிங்குக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. லோ மாட்டேன் என்றுவிட்டார். குண்டு ஜோன்ஸின் கால்சட்டைக்குப் போனது. இறுமாப்பு என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது கணக்கு மாதிரிதான் படுகிறது: கால்சட்டை கழன்றால் அரை நிமிஷச் சிரிப்பு, ஆனால் அதன் பிறகு அந்த மனுஷனின் கௌரவத்தை வைத்து விளையாட முடியாது. உன் டைரக்டர் வேட்டி அவிழும் காட்சி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். சண்டை போடு.

வசனம் மனப்பாடம் செய்வதில் மட்டும் அவரைப் பின்பற்றாதே. ஸ்கிரிப்டை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார். குரோஃப்ட் இரண்டு பிரதி அனுப்பி, ஒன்றைத் தலையணைக்கு அடியில் வையுங்கள், ராத்திரி கொஞ்சமாவது ஊறட்டும் என்றாராம். மறந்து தேடும் பார்வை மானரிங்கின் யோசனையாகத் தெரிந்தது அவர் அதிர்ஷ்டம். உனக்குத் தெரியாது, மறதியாகவே தெரியும்.

ஒரே மூஞ்சிக்குக் கடைசி பதில். 1975 கிறிஸ்துமஸ் பகுதியில் மானரிங்கின் குடிகாரச் சகோதரனும் அவரே. மானரிங்கில் இறுக்கி வைத்ததையெல்லாம் சகோதரனில் அவிழ்த்து விடுகிறார். லிண்ட்சே ஆண்டர்சனின் ‘ஓ லக்கி மேன்!’ (1973) படத்தில் மூன்று வேஷம், பாஃப்டா துணை நடிகர் விருது. அதில் ஒன்று முகத்தில் கறுப்பு பூசிய ஆப்பிரிக்கத் தலைவர், இன்று பார்க்கக் கூசுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ‘மிஸ்டர் மென்’ குழந்தைத் தொடரிலோ மூஞ்சியே கிடையாது, வெறும் குரல்.

1982 ஏப்ரல் 14 மதியம் நேரலையில் ஒரு டிவி பேட்டி. மாலை பர்மிங்ஹாம் அலெக்சாண்ட்ரா தியேட்டரின் ஒப்பனை அறையில், மேடையேறுமுன் விழுந்துவிட்டார். விடியுமுன் போய்விட்டார், வயது 66. அந்த நாடகத்தில் மனைவி ஜோன் கூப்பரும் நடித்துக்கொண்டிருந்தார். ஹல்ம் காலத்திலிருந்து கூட இருந்தவர். இறுதிச் சடங்குக்கு அவர் போகவில்லை. பெல்ஃபாஸ்டில் நாடகம் இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த அம்மாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, சேது. நம்ம கூட்டத்தில் யார் யாருக்கு இது புரியும் என்று நினைக்கிறாய்? எனக்கு ஒரு பெயர் தோன்றுகிறது. உனக்கும் அதுவே தோன்றும்.

போகட்டும். உன் வேஷத்துக்குப் புதுக் கண்ணாடி வாங்காதே. விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் கண் தெரியாது, கண் தெரியாவிட்டால் அந்த இரண்டு விநாடி வீண். வெறும் ஃபிரேம் போதும், கொஞ்சம் தொளதொள என்று இருக்கட்டும். கோபம் வரும்போது அது தானாகச் சரியும்; நீ சரிசெய்யாதே.

உன்,
ரகு

பி.கு.: முதல் வரிசையில் மூர்த்தியை உட்கார வைக்காதே. வசனத்துக்கு முந்திச் சிரிப்பான்.