நடுக்கத்தையும் அளக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்கின்சன் நோய்). ஒட்டுசுட்டானில் விடிய பஸ் எடுத்து, மாங்குளத்தில் மாறி, ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போகிறோம். டொக்டர் பார்ப்பது பத்து நிமிடம். விரல்களைத் தட்டச் சொல்வார், நடக்கச் சொல்வார், 0 முதல் 4 வரை ஒரு புள்ளி போடுவார். அவரில் பிழையில்லை. ஆனால் குளிசை போட்டு எவ்வளவு நேரத்தில் போகிறோமோ, அதற்கேற்ப அப்பாவின் கை மாறிவிடும். மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குகிற கை, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் அடங்கிவிடுகிறது. "எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். முப்பது வருஷம் வயல் செய்த மனுஷன், வேறென்ன சொல்வார்?

இந்த நடுக்கம் பெரும்பாலும் செக்கனுக்கு 4 முதல் 6 தடவை. கைபேசியைச் சரித்தால் திரையைத் திருப்புகிற முடுக்கமானியே இதை எண்ணிவிடும். மணிக்கட்டில் கட்டும் கருவிகள் நாள் முழுக்கப் பதிந்து, மருந்தின் வேகம் எந்த நேரத்தில் இறங்குகிறது என்றும் காட்டும். நடுக்குவாத மருந்தான லெவோடோபாவின் அளவையும் நேரத்தையும் தீர்மானிக்க டொக்டருக்கு இது எவ்வளவு உதவி!

வன்னி வைத்தியசாலைகளில் இப்படிச் சில கருவிகளை வைத்து, ஒரு கிழமைக்கு இரவல் கொடுத்தால் என்ன? பதிவு யாழ்ப்பாணம் போகட்டும். ஒவ்வொரு தடவையும் அப்பாவும் போகத் தேவையில்லை. கைபேசிச் செயலியை நம்பி நாங்களே குளிசையைக் கூட்டிக் குறைக்கிற கதையல்ல இது. அது டொக்டரின் வேலை.

– ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்