ஷிஃப்ட் நேரமும் வீட்டு நேரமும்

ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்பங்கள் சிதைவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீடு நன்றாக இருந்தால்தான் ஊர் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தது சரி. பெண்கள் வேலைக்குக் கிளம்பியதால்தான் வீடு கெட்டது என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துப் பெண்கள் எப்போது வேலைக்குப் போகாமல் இருந்தார்கள்? ராகிக்குக் களை எடுத்தது, நிலக்கடலை பிடுங்கியது, மாங்காய் சீசனில் கூடை சுமந்தது எல்லாம் அவர்கள்தான். புளியமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். அழுதால் ஓடி வந்து பால் கொடுப்பார்கள், மத்தியானம் வீட்டுக்கு வந்து களி கிண்டுவார்கள். வேலையும் வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இப்போது மாறியிருப்பது அந்தத் தூரமும் நேரமும்தான்.

எழுபதுகளில் ஓசூரில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. இன்று ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. மனைவிக்குக் காலை ஷிஃப்ட், கணவனுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் இருவரும் வாசலில் பார்த்துக்கொண்டால் உண்டு. பென்னாகரம் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களில் பலர் பிள்ளைகளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், விட்டுப் போகிறார்கள். அந்த ஆயாவுக்கே சர்க்கரையும் மூட்டுவலியும். பேரன் ராத்திரி போனில் என்ன பார்க்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்படியும் ஊர் ஓடுவது இந்த ஆயாக்களால்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் இன்னும் கதவு திறக்கவில்லையே என்று போய்த் தட்டுவதும், காய்ச்சல் வந்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோவதும் பகலில் வீட்டில் ஆள் இருப்பதால் நடக்கின்றன. ஆனால் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘வேலை செய்யாதவர்’ என்றுதான் எழுதிக்கொள்கிறது.

மத்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்ட சராசரி! கை வைக்காதவர்களையும் சேர்த்தால் என்ன வரும் என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்தது பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24 அன்று. வீட்டு உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்று அரசே சொன்னது பெரிய விஷயம். மாதம் ஆயிரம் ரூபாய் கைச்செலவுக்கு உதவுகிறது. சாயங்காலம் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். எங்கள் மையங்கள் மாலைக்குள் மூடிவிடும். இரண்டாவது ஷிஃப்ட் போன தாய் திரும்ப நடு இரவாகிவிடும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் கம்பெனி வளாகத்தில் காப்பகம் வைத்தால், ராயக்கோட்டையிலிருந்து போகிறவர் தூங்குகிற பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். எந்தத் தாய்க்கு மனசு வரும்?

காப்பகம் ஊரில் இருக்க வேண்டும். கடைசி கம்பெனி பஸ் வரும் வரை திறந்திருக்க வேண்டும். செலவில் ஒரு பங்கை நிறுவனங்களிடம் வாங்கலாம். நடத்துவதற்கு மகளிர் குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு 1989இல் தொடங்கிப் பார்த்ததே எங்கள் ஊரும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கணக்கு வழக்கு பார்க்கத் தெரிந்த பெண்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்குச் சும்மா கௌரவம் போதாது, சம்பளம் தர வேண்டும்.

அப்புறம், கணவன் மனைவி இருவரும் ஷிஃப்டில் இருக்கும் வீடுகளுக்கு வார விடுமுறையையாவது ஒரே நாளில் போடச் சொல்லி, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் நிறுவனங்களிடம் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.